800 கி.மீ. சிட்டும் 11,680 கி.மீ. மூக்கனும்: எது பெரிய பறப்பு?

தேன்வட்டில் | செப்டம்பர் 8, 2024, காலை 7:12

ரூபித் தொண்டை ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) 3 கிராம்தான் இருக்கும். மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்குது, 800 கி.மீ. பட்டைவால் மூக்கன்ங்கற கரைப்பறவை அலாஸ்காவில் இருந்து நியூசிலாந்துக்கு 11,680 கி.மீ. இறங்காமப் போனதை வைச்சு எல்லாரும் அதையேதான் தூக்கி வைச்சுப் பேசறாங்க. ஆனா மூக்கன் சிட்டைவிட நூறு மடங்கு எடை. உடம்புக்கு ஏத்த மாதிரி பார்த்தா சிட்டு செய்யறதுதான் பெருசு. இல்லைன்னு சொல்றவங்க கணக்கோட வாங்க.

சேற்றுக்கால் | செப்டம்பர் 8, 2024, காலை 9:05

கணக்கோடவே வருகிறேன்.

உடம்பின் நீளத்தை அளவுகோலாக எடுங்கள். ஓசனிச்சிட்டு சுமார் 8.5 செ.மீ. 800 கி.மீ. என்பது அதன் நீளத்தைப் போல 94 லட்சம் மடங்கு. மூக்கன் சுமார் 38 செ.மீ. 11,680 கி.மீ. என்பது 3 கோடியே 7 லட்சம் மடங்கு. நீளத்தில் பார்த்தாலும் மூக்கன் மூன்று மடங்குக்கு மேல் முன்னே நிற்கிறது.

எடையில் பார்த்தால் முடிவு தலைகீழ். சிட்டுக்குக் கிராமுக்கு 267 கி.மீ., 300 கிராம் மூக்கனுக்குக் கிராமுக்கு 39 கி.மீ. ஆனால் அந்த அளவுகோலில் எடை குறைந்த எதுவும் ஜெயித்துவிடும். இலையுதிர் காலத்தில் கனடாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போகும் மொனார்க் பட்டாம்பூச்சி அரைக் கிராம்தான்; அது சிட்டையும் தோற்கடிக்கும். இரண்டு பறவைகளின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

தேன்வட்டில் | செப்டம்பர் 8, 2024, காலை 9:31

சரி, நீளக் கணக்கை ஒத்துக்கறேன். அப்போ எதை வைச்சு ஒப்பிடணும்?

சேற்றுக்கால் | செப்டம்பர் 8, 2024, காலை 11:40

மூன்று எண் போதும்: கிளம்பும்போது எடையில் எத்தனை பங்கு கொழுப்பு, மணிக்கு எடையில் எத்தனை சதவீதம் கரைகிறது, எத்தனை மணி நேரம் காற்றில் இருக்க வேண்டும். தூரம் இந்த மூன்றோடு காற்றும் சேர்ந்து தரும் விடை.

மூக்கன் முதலில். 2007இல் ஈ7 என்று குறியிட்ட பெட்டைப் பறவை ஆகஸ்ட் கடைசியில் அலாஸ்காவை விட்டு, செப்டம்பர் 7 அன்று நியூசிலாந்தில் இறங்கியது. 11,680 கி.மீ., 8.1 நாள். மணிக்கணக்கில் 194. சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. இந்த வகை நெடும்பறப்பில் எடை மணிக்கு சுமார் 0.41 சதவீதம் குறைவதாக 2010இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது. ஒவ்வொரு மணியும் அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் எடையில் 0.41 சதவீதம் என்பதைக் கவனிக்க வேண்டும். கிளம்பிய எடையில் அல்ல.

கொழுப்பு ஏறி 600 கிராமில் கிளம்புகிறது என்று வைப்போம்.
முதல் மணியில் இழப்பு 2.5 கிராம்.
100 மணி முடியும்போது மிச்சம் 398 கிராம்.
194 மணி முடியும்போது மிச்சம் 271 கிராம்.

மொத்த இழப்பு 55 சதவீதம். இதை இன்னொரு எண்ணோடு வைத்துப் பாருங்கள். 1987 அக்டோபரில் அலாஸ்காவின் கோல்ட் பே அருகே ரேடார் கூண்டில் மோதி இறந்த இளம் மூக்கன்களை அறுத்துப் பார்த்தார்கள். எடையில் 55 சதவீதம் கொழுப்பு. செயற்கைக்கோள் தடம் வந்தது அதற்கு இருபது வருடம் கழித்து. இரண்டும் வேறு வேறு வழியில் கிடைத்தவை, பொருந்தி வருகின்றன.

இப்போது சிட்டு. பூ முன் காற்றில் மிதந்து நிற்கும் ஓசனிச்சிட்டு ஒரு கிராம் எடைக்கு மணிக்கு சுமார் 42 மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுக்கும். ஒரு கிராம் கொழுப்பு எரிய சுமார் 2 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். 42ஐ 2,000ஆல் வகுத்தால் மணிக்கு எடையில் 2.1 சதவீதம். கணக்கு எளிதாக இருக்க 2 என்று வைக்கிறேன்.

கொழுப்பில்லாத எடை 3 கிராம், ஏற்றிக்கொண்ட கொழுப்பு 2 கிராம், மொத்தம் 5.
10 மணி முடியும்போது 4.09 கிராம்.
20 மணி முடியும்போது 3.35 கிராம்.
25 மணியைத் தாண்டியதும் 3.0. கொழுப்பு காலி.

மணிக்கு 40 கி.மீ. என்றால் 800 கி.மீ.க்கு 20 மணி. கையிருப்பு 0.35 கிராம், அதாவது இன்னும் ஐந்து மணிப் பறப்பு.

கொழுப்பின் பங்கில் இரண்டும் நெருக்கம், 40 சதவீதமும் 55 சதவீதமும். கரையும் வேகத்தில்தான் ஐந்து மடங்கு வேறுபாடு. சிட்டு சின்ன உடம்பில் பெரிய அடுப்பை எரிக்கிறது. அதை 20 மணி அணையாமல் ஓட்டுவது அதன் சாதனை. மூக்கன் மெதுவாகக் கரைகிறது, ஆனால் அப்படிக் கரைவதை எட்டு நாள் நிறுத்தவே முடியாது. எது பெரிது என்று கேட்டால், எரிக்கும் வேகத்தில் சிட்டு, தாங்கும் காலத்தில் மூக்கன். ஒரே தட்டில் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றால் நான் மூக்கன் பக்கம் நிற்பேன். காரணம் குடலில் இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

வலசைக்கணக்கு | செப்டம்பர் 8, 2024, மாலை 4:18

ஒரு திருத்தம் வேண்டும். 42 மில்லிலிட்டர் மிதந்து நிற்கும்போது எடுத்த அளவு. வளைகுடா மேலே சிட்டு பூ முன்னாடி நிற்கற மாதிரி நிற்காதே, முன்னோக்கிப் போகும். நடுத்தர வேகத்தில் பறக்க மிதப்பதைவிடக் குறைவாகத்தான் செலவாகும்.

சேற்றுக்கால் | செப்டம்பர் 8, 2024, மாலை 6:02

சரியான திருத்தம். ஆகவே 2 சதவீதம் என்பதை மேல்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 என்று வைத்தால் அதே 2 கிராம் கொழுப்பு 34 மணி வரும். ஆனால் ஒரேயடியாகக் குறைக்கவும் முடியாது. மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகப் போக, காற்றின் இழுவையால் செலவு மறுபடி ஏறத் தொடங்குகிறது.

ஐந்து மடங்கு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே பிரித்துவிடலாம். எடை நூறு மடங்கு ஏறும்போது ஒரு கிராமுக்கான எரிப்பு வேகம் சுமார் மூன்றில் ஒரு பங்காக இறங்கும். இது உடல் அளவின் பொது விதி. இரண்டு பறவைக்கும் இதில் தனிப் பெருமை இல்லை. மிச்ச வேறுபாடு இறக்கையின் வடிவம், பறக்கும் முறை, நீங்கள் சொன்ன அளவீட்டுச் சிக்கல் ஆகியவற்றில் இருந்து வருகிறது. மூக்கனின் இறக்கை நீண்டு, ஒடுங்கி, கூராக முடியும். சிட்டின் இறக்கையில் பெரும்பகுதி கை எலும்புதான். மேற்கை எலும்பு மிகவும் குட்டை. தோளில் இருந்தே முழு இறக்கையும் சுழலும். கீழே அடிக்கும்போது கிடைக்கும் தூக்கு விசை முக்கால் பங்கு, மேலே இழுக்கும்போது கால் பங்கு என்று செம்பழுப்பு ஓசனிச்சிட்டில் 2005இல் அளந்தார்கள். மற்றப் பறவைகளுக்கு மெதுவாகப் பறக்கையில் மேலிழுப்பு ஏறக்குறைய வீண். பூ முன் நிற்பதற்காக அமைந்த இந்த இறக்கையைக் கொண்டே சிட்டு கடலையும் கடக்கிறது.

தேன்வட்டில் | செப்டம்பர் 8, 2024, இரவு 8:47

இறக்கை அடியை எண்ணினா? சிட்டு நொடிக்கு 50 தடவை அடிக்குது. அதுல மூக்கன் கிட்டயே வர முடியாதுல்ல?

வலசைக்கணக்கு | செப்டம்பர் 8, 2024, இரவு 9:20

எண்ணிப் பார்த்தேன். சிட்டு 20 மணியில் 72,000 நொடி. நொடிக்கு 50 என்றால் 36 லட்சம் அடி. மூக்கன் 194 மணியில் 6,98,400 நொடி. நொடிக்கு 5 என்று வைத்தால் கிட்டத்தட்ட 35 லட்சம் அடி. நேரம் பத்து மடங்கு, வேகம் பத்தில் ஒன்று, மொத்தம் ஒரே அளவு.

சேற்றுக்கால் | செப்டம்பர் 9, 2024, காலை 6:30

அருமையான கணக்கு. மூக்கன் கழுகு மாதிரி வெப்பக் காற்றில் சுழன்று ஏறுவதில்லை, ஆல்பட்ராஸ் மாதிரி அலைக்காற்றில் சறுக்குவதும் இல்லை. முழு வழியும் அடித்துத்தான் போக வேண்டும். அதனால்தான் நொடிகளை நேராகப் பெருக்க முடிகிறது.

ஓதம் | செப்டம்பர் 9, 2024, காலை 8:15

குடல் விஷயம் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள்.

சேற்றுக்கால் | செப்டம்பர் 9, 2024, பிற்பகல் 1:10

கோல்ட் பே பறவைகளில் கொழுப்பு அளவுதான் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. அதைவிட முக்கியமானது உள்ளுறுப்புகளின் எடை. அரைவைப்பை, கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாமே வழக்கத்தைவிடச் சிறுத்திருந்தன. 1998இல் இது வெளிவந்தது.

வரிசையைப் பாருங்கள். அலாஸ்காவின் யூகான்-கஸ்கோக்விம் கழிமுகச் சேற்றுப்பரப்பில் மூக்கன் சிறு சிப்பிகளையும் புழுக்களையும் வாரி விழுங்குகிறது. சிப்பியை ஓட்டோடு விழுங்கி அரைவைப்பையில்தான் நொறுக்க வேண்டும். ஆகவே அந்தக் கட்டத்தில் அரைவைப்பையும் குடலும் பெருத்திருந்தாக வேண்டும். கொழுப்பு ஏறி முடியும் தறுவாயில் இவை சுருங்கத் தொடங்குகின்றன. அதே சமயம் மார்புத் தசையும் இதயமும் பெருக்கின்றன. எட்டு நாள் ஒன்றும் சாப்பிடப் போவதில்லை. செரிமான உறுப்பு முழுதும் சுமைதான். உறுப்புத் திசுவைக் கட்டி வைத்திருப்பதற்கே ஆற்றல் செலவாகும், கல்லீரலும் குடலும் அதில் பெருஞ்செலவாளிகள். ஒரு கிராம் குடலைக் குறைத்தால் ஒரு கிராம் கொழுப்பை ஏற்ற இடம் கிடைக்கிறது, பராமரிப்புச் செலவும் மிச்சம்.

இதில் இடர் எங்கே? வழியில் இறங்க நேர்ந்தால் உடனே முழு வேகத்தில் தின்ன முடியாது. குடல் மறுபடி வளர வேண்டும், ஓடுள்ள இரையை அரைக்க அரைவைப்பை தடிக்க வேண்டும். கிளம்பும் நாள் தவறினாலும் சிக்கல்: சுருங்கிய குடலோடு கரையில் காத்திருந்தால் ஏற்றிய கொழுப்பு வீணாகக் கரையும்.

ஓசனிச்சிட்டால் இந்த வழியில் போகவே முடியாது. வளைகுடாவைக் கடப்பது அதன் பயணத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் காலையில் எழுந்ததும் தேன் குடித்தாக வேண்டும், குடித்த சர்க்கரை சில நிமிடத்தில் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போயாக வேண்டும். குடித்து அரை மணி, முக்கால் மணிக்குள் அதன் மிதப்புச் செலவு ஏறக்குறைய முழுவதும் அப்போது குடித்த சர்க்கரையில் இருந்தே வருகிறது. குளுக்கோசும் பிரக்டோசும் இரண்டுமே நேரடியாகத் தசையில் எரிகின்றன. மனிதத் தசை பிரக்டோசை இந்த அளவுக்குக் கையாளாது. இப்படிப்பட்ட குடலைச் சுருக்கினால் அடுத்த நாளே பட்டினி.

நான் மூக்கன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான். சிட்டு தன் அன்றாட உடம்பின் மேல் 2 கிராம் கொழுப்பைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போகிறது. மூக்கன் ஒரு பறப்புக்காக உடம்பையே மாற்றிக் கட்டுகிறது, இறங்கியதும் மறுபடி பழையபடி கட்டுகிறது, இதை ஒரு வருடத்தில் மூன்று பெரும் பறப்புக்குச் செய்கிறது. ஈ7 அதே 2007 மார்ச்சில் நியூசிலாந்தில் இருந்து சீனாவின் யாலு ஆற்றுக் கழிமுகத்துக்கு 10,300 கி.மீ. இறங்காமல் போனது, அங்கே மேய்ந்துவிட்டு அலாஸ்கா, அங்கே இனப்பெருக்கக் காலம் முடிந்து மறுபடி நியூசிலாந்து. சுற்று மொத்தம் ஏறத்தாழ 29,000 கி.மீ.

தேன்வட்டில் | செப்டம்பர் 9, 2024, மாலை 5:55

சிட்டு உடம்பை மாத்தறதே இல்லைன்னு சொல்றது அநியாயம். டார்ப்பரை மறந்துட்டீங்க. ராத்திரி உடம்புச் சூட்டையே இறக்கி வைக்குதே.

சேற்றுக்கால் | செப்டம்பர் 9, 2024, இரவு 7:40

மறக்கவில்லை, நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. சிட்டின் பக்கத்தில் மிகப் பலமான வாதம் இதுதான்.

டார்ப்பர் என்பது இரவில் உடல்சூட்டைச் சுற்றுப்புறச் சூட்டுக்கு நெருக்கமாக இறக்கிவிடும் ஆழ்ந்த மந்தநிலை. பகலில் நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும் இதயத்துடிப்பு சில பத்துகளுக்கு இறங்கும். விடியுமுன் தசை நடுக்கத்தால் சூடேற்றிக்கொண்டு எழும்.

2021இல் இதே ரூபித் தொண்டையில் செய்த ஆய்வில் ஒரு மாற்றம் தெரிந்தது. கோடையில் சிட்டு டார்ப்பரைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறது: கொழுப்பு எடையில் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அதற்குள் போகும். கோடை முடிவில் வலசைக்குக் கொழுப்பு ஏற்றும் காலம் வந்ததும் அந்த விதியை விட்டுவிடுகிறது. கொழுப்பு நிறைய இருக்கும்போதே டார்ப்பருக்குள் போய், அன்றைக்குச் சேர்த்ததை இரவில் செலவழிக்காமல் காப்பாற்றுகிறது. பகலில் கூடுதலாகத் தின்பது மட்டும் எடை ஏற்றாது. இரவுச் செலவை வெட்டுவதிலும் எடை ஏறுகிறது.

இதில் ஒரு இழப்பும் உண்டு. டார்ப்பரில் இருக்கும் சிட்டு பறக்க முடியாது, எதிரி வந்தால் தப்ப முடியாது, தூக்கத்தின் பலனும் முழுதாகக் கிடைக்காது. கோடையில் அதைத் தவிர்ப்பது அதனால்தான்.

மூக்கன் இதைச் செய்வதில்லை. அதற்கு அலாஸ்காவில் கிடைப்பது பரந்த சேற்றுப்பரப்பும் நீண்ட பகலும். பகலானாலும் இரவானாலும் நீர் வற்றினால் மேயலாம், அலகின் நுனியால் தொட்டே இரையைக் கண்டுபிடிக்கும். பார்வை தேவைப்படாத மேய்ச்சல் என்பதால் இருட்டு அதற்குப் பட்டினிக் காலம் அல்ல. சிட்டுக்கு இருட்டு என்றாலே பட்டினி. டார்ப்பர் எந்தப் பறவைக்கு ஏன் வாய்த்தது என்பதை இந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

ஓதம் | செப்டம்பர் 10, 2024, காலை 7:05

அலகு பற்றி இரண்டு வரி கூட்டுகிறேன். மூக்கனின் அலகு நுனி எலும்பில் சின்னக் குழிகள், அவற்றுக்குள் அழுத்தம் உணரும் நரம்பு முனைகள். சேற்றுக்குள் அலகு முழுக்கப் புதைந்திருக்கும்போதே மேல் அலகின் நுனியை மட்டும் வளைத்து இரையைப் பிடிக்கும். பெட்டையின் அலகு நீளம், ஆழத்தில் தேடும், ஆண் மேலாக.

சிட்டின் நாக்கு இதற்கு எதிர்ப்பக்கம். நாக்கு நுனி இரண்டாகப் பிளந்தது, ஓரங்களில் சுருண்ட தகடு. நுண்குழாய் ஏற்றத்தால் தேன் மேலேறுகிறது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அதிவேகப் படப்பிடிப்பில் வேறு விதமாகத் தெரிந்தது: அலகை விட்டு வெளியே நீளும்போது நாக்கு நசுங்கித் தட்டையாகிறது, தேனில் தொட்டதும் விரிந்து தேனை உள்ளிழுக்கிறது. நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் இது நடக்கும்.

வலசைக்கணக்கு | செப்டம்பர் 10, 2024, காலை 10:30

பழைய கேள்விக்கு வருகிறேன். 2022இல் பி6 என்ற பறவை, பிறந்து ஐந்து மாதம்தான் ஆனது, அலாஸ்காவில் அக்டோபர் 13 கிளம்பி டாஸ்மேனியா போனது. 13,560 கி.மீ., 11 நாள் 1 மணி, அதாவது 265 மணி. உங்கள் 0.41 சதவீதத்தைப் போட்டால் 66 சதவீத எடை போயிருக்க வேண்டும். 55 சதவீதக் கொழுப்போடு அது எப்படி முடியும்?

சேற்றுக்கால் | செப்டம்பர் 10, 2024, பிற்பகல் 12:50

இரண்டு இடத்தில் நெகிழ்வு இருக்கிறது. முதலாவது, 0.41 சதவீதம் எடை இழப்பு. கொழுப்பு இழப்பு மட்டும் அல்ல. புரதமும் கரைகிறது. பறவை இலேசாக ஆக ஆக அவ்வளவு பெரிய பறப்புத் தசை தேவையில்லை, அதிலிருந்தும் எடுக்கிறது. புரதம் எரிவதில் நீரும் கிடைக்கிறது. கொழுப்பும் ஒரு கிராம் எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக நீர் தரும். 11 நாள் குடிக்காமல் இருப்பதன் ரகசியம் இந்த இரண்டும்தான்.

இரண்டாவது, விகிதம் கொஞ்சம் இறங்கினாலே விடை நிறைய மாறும். 0.35 என்று போட்டால் 265 மணிக்கு இழப்பு 60 சதவீதம். கூட்டுவட்டி போன்ற கணக்கில் சின்ன விகித மாற்றம் நீண்ட காலத்தில் பெரிதாகும். ஆகவே பி6 நமக்குச் சொல்வது, 0.41ஐ எல்லா மூக்கனுக்கும் ஒரே கல்வெட்டாக எடுக்கக் கூடாது என்பதுதான்.

அதன் சராசரி வேகம் மணிக்கு 51 கி.மீ. ஈ7ஐவிடக் குறைவு. காற்றின் தயவு குறைந்த வழி என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேன்வட்டில் | செப்டம்பர் 10, 2024, பிற்பகல் 2:15

காத்து எந்த அளவுக்கு முக்கியம்? சிட்டுக்கு அது இன்னும் அதிகமாத்தானே இருக்கணும்?

சேற்றுக்கால் | செப்டம்பர் 10, 2024, மாலை 4:00

ஆமாம். சிட்டின் வேகம் மணிக்கு 40 என்றால் 10 கி.மீ. எதிர்க்காற்று கால் பங்கைத் தின்றுவிடும். 800 கி.மீ.க்கு 27 மணி ஆகும். மேல்வரம்புக் கணக்கில் 25 மணியில் கொழுப்பு தீர்ந்துவிட்டது. 15 கி.மீ. பின்காற்று இருந்தால் 14½ மணியில் முடிந்து 3.7 கிராமில் இறங்கும். ஒரே பறவை, ஒரே கொழுப்பு. காற்று மட்டும் வேறு.

ஆகவே இலையுதிர் காலத்தில் வடக்கில் இருந்து குளிர்காற்று முகப்பு கடந்த பின் அதன் முதுகில் ஏறிக் கிளம்புவது சிட்டுக்கு லாபம். வசந்தத்தில் யுகட்டானில் இருந்து அந்திக்குக் கிளம்பி மறுநாள் பகலில் அமெரிக்கக் கரையைத் தொடுவது வழக்கம். கடல் மேல் காற்று திரும்பிவிட்டால் எண்ணெய்த் துரப்பண மேடைகளிலும் கப்பல்களிலும் சோர்ந்து இறங்குகின்றன. எல்லாச் சிட்டும் கடலைக் கடப்பதும் இல்லை. டெக்சாஸ், மெக்சிகோ கரையோரமாகச் சுற்றிப் போகும் கூட்டமும் உண்டு. கொழுப்பு போதாத பறவைக்கு அந்த வழி உயிர்வழி.

மூக்கன் வடபசிபிக்கில் அலூசியன் தாழ்வழுத்தங்களைப் பார்த்துக் கிளம்புகிறது. தாழ்வழுத்தத்தின் மேற்குப் பின்புறம் வடக்கில் இருந்து பலமான காற்று வீசும். அதில் ஏறினால் முதல் ஆயிரம் கி.மீ. கணிசமாக மலிவு. அதன் பிறகு வடகிழக்குத் தடக்காற்று, நிலநடுக்கோட்டு அமைதிப் பகுதி, தென்கிழக்குத் தடக்காற்று என்று மூன்று வேறு காற்றுகளைக் கடந்தாக வேண்டும். கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்தாம் நாள் காற்றை அலாஸ்காவில் நின்று தேர்ந்தெடுக்க முடியாது. சிட்டு பார்த்துக் கிளம்பிய வானிலை பெரும்பாலும் கரை சேரும்வரை கூட வரும்.

ஓதம் | செப்டம்பர் 10, 2024, மாலை 4:35

இரண்டிலும் இளம் பறவைகள் பெற்றோர் துணையில்லாமல் முதல் வலசை போகின்றன என்பதையும் சேருங்கள். சிட்டில் வளர்ந்த ஆண் முதலில் போய்விடும், பிறகு பெட்டை, கடைசியில் குஞ்சுகள். மூக்கன் குஞ்சுகளும் பெரியவை போன பிறகே கிளம்பும்.

தேன்வட்டில் | செப்டம்பர் 11, 2024, காலை 8:20

இன்னொன்னு. தோட்டத்துல சர்க்கரைத் தண்ணி ஊத்தி வைக்கற தீனிக்குப்பியை எடுக்காம வைச்சிருந்தா சிட்டு வலசை போகாம நின்னுடும்னு சொல்றாங்களே? கலவை எப்படி இருக்கணும்?

சேற்றுக்கால் | செப்டம்பர் 11, 2024, காலை 9:45

நிற்காது. பகல் நேரம் குறைவதுதான் கிளம்பச் சொல்கிறது. குப்பி இருக்கிறதா என்பது அல்ல. கடைசியாகக் கிளம்பும் குஞ்சுகளுக்கும் பிந்தி வருபவற்றுக்கும் குப்பி உதவும். கடைசிச் சிட்டைப் பார்த்த பிறகும் இரண்டு வாரம் வைத்திருக்கலாம்.

கலவை: வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, அளவுக் கிண்ணத்தால். கரையும் வரை சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு ஊற்ற வேண்டும். பூக்களின் தேனுக்கு இது நெருக்கம்.

தேனீத் தேன் ஊற்றக் கூடாது: நீர் சேர்ந்ததும் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். பழுப்புச் சர்க்கரையும் வெல்லமும் கூடாது: அவற்றில் இருக்கும் இரும்புச் சத்து சிட்டுக்குக் கேடு. சிவப்புச் சாயம் தேவையில்லை. குப்பியின் நிறமே போதும். செயற்கை இனிப்பு போட்டால் ஆற்றலே இல்லாத நீரைக் குடித்துவிட்டு உண்மையான பட்டினியில் இருக்கும்.

கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கலவை அல்ல, கழுவாமை. வெயில் கடுமையாக இருந்தால் இரண்டு நாளைக்கு ஒரு முறை கலவையைக் கொட்டிவிட்டு, வெந்நீரும் தூரிகையும் போட்டுத் துளைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கலங்கலாகத் தெரிந்தாலோ, கரும்புள்ளி இருந்தாலோ நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கொட்டுங்கள். குப்பியை நிரப்பாதீர்கள், ஒரு நாளில் தீரும் அளவே ஊற்றுங்கள். இன்னொன்று: குப்பி மட்டும் உணவாகாது. புரதத்துக்குச் சின்னப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். கூட்டில் குஞ்சுக்குக் கொடுப்பதிலும் பூச்சிக்குப் பெரிய பங்கு. குப்பியை வைத்துவிட்டுச் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது.

வலசைக்கணக்கு | செப்டம்பர் 11, 2024, பிற்பகல் 1:30

எடை ஏறிய பறவையைக் கண்ணால் அடையாளம் காண முடியுமா? வலை போட்டுப் பிடிக்காமல்?

சேற்றுக்கால் | செப்டம்பர் 11, 2024, மாலை 6:15

மூக்கனில் முடியும். பக்கவாட்டில் நிற்கும்போது காலுக்கும் வாலுக்கும் நடுவே உள்ள வயிற்றுக் கோட்டைப் பாருங்கள். உள்வாங்கி இருந்தால் 1, நேர்கோடு 2, சற்றுப் புடைப்பு 3, நன்றாகப் புடைத்தது 4, தொங்குவது 5 என்று மதிப்பிடுவது கரைப்பறவை ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் முறை. நிபந்தனை: பறவை அசையாமல் நிற்க வேண்டும், காற்று இறகை ஊதக் கூடாது, சரியாகப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஒரு பறவையைப் பார்த்து முடிவு கட்டாமல் கூட்டத்தில் முப்பது நாற்பதைப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

நேரம் முக்கியம். கடல்நீர் ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி முன்பே இடத்தில் இருங்கள். நீர் ஏற ஏறக் கூட்டம் சேற்றுப்பரப்பை விட்டு நம் பக்கம் ஒதுங்கும். நாம் போகாமல் அவை வரும். உச்சம் முடிந்து போனால் அவை ஏற்கனவே ஓரிடத்தில் அடைந்திருக்கும், நெருங்கினால் எழும்பிவிடும். வற்றத்தில் மைலுக்கு அப்பால் புள்ளியாகத் தெரியும். தலை தூக்கி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள், ஒரு அடியும் முன்வைக்க வேண்டாம். எழும்பி ஒரு சுற்று சுற்றினால் ஓய்வும் கெடும், ஏற்றிய கொழுப்பும் குறையும்.

சிட்டில் கண்ணால் மட்டும் சொல்வது கடினம். பயிற்சி பெற்றவர்கள் கையில் பிடித்து, கழுத்துக் குழியின் இறகை உறிஞ்சுகுழலால் ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். தோல் கண்ணாடி போலிருப்பதால் அடியில் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும்.

வலசைக்கணக்கு | செப்டம்பர் 11, 2024, இரவு 8:05

அப்போ கருவி பொருத்துவதில்தான் இந்த ஒப்பீட்டின் ஏற்றத்தாழ்வே இருக்கிறது. எடையில் 3 சதவீதத்துக்கு மேல் கருவி கூடாது என்ற விதிப்படி 300 கிராம் மூக்கனுக்கு 9 கிராம் வரை போகலாம். பி6க்கு 5 கிராம் சூரிய ஒளிக் கருவி. 3 கிராம் சிட்டுக்கு 0.09 கிராம். அந்த எடையில் செயற்கைக்கோள் கருவியே கிடையாது. மூக்கனுக்கு நேரடித் தடம், சிட்டுக்கு ஆக்சிஜன் அளவும் காலில் மாட்டிய சில மில்லிகிராம் வளையமும்.

சேற்றுக்கால் | செப்டம்பர் 12, 2024, காலை 7:50

ஆம், அதனால்தான் நான் சிட்டின் எண்களுக்கு மேல்வரம்பு என்றும் மூக்கனின் எண்களுக்கு மணி, தேதி என்றும் எழுதினேன். இரண்டையும் ஒரே அட்டவணையில் போடும்போது இந்த வேறுபாட்டையும் ஒரு பத்தியாகப் போட வேண்டும்.

தேன்வட்டில், உங்கள் முதல் கேள்வியின் பின்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. வழியில் ஒரு தோட்டம் அழிந்தால் சிட்டு அடுத்த தோட்டத்தில் இறங்கும். அதன் வழி நெடுக நூற்றுக்கணக்கான சின்ன இடங்கள். மூக்கனுக்கு வடக்கு நோக்கிய வழியில் நம்பியிருப்பது மஞ்சள் கடலின் சேற்றுப்பரப்பு. தென்கொரியாவில் சேமாங்கும் கடற்சுவர் 2006இல் மூடப்பட்டபோது கரைப்பறவைகளின் பெரிய மேய்ச்சல் நிலம் ஒன்று உலர்ந்துபோனது. சீனக் கரையின் சேற்றுப்பரப்புகள் 2019இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன, 2024இல் விரிவாக்கப்பட்டன. பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்தி. ஆனால் 10,300 கி.மீ. பறந்து, சுருங்கிய குடலோடு இறங்கும் பறவைக்கு, அடுத்த சேற்றுப்பரப்பு 500 கி.மீ. தள்ளி இருக்கிறது என்றால் அதற்கு மிச்சக் கொழுப்பு இருக்காது.

தேன்வட்டில் | செப்டம்பர் 12, 2024, காலை 8:30

எரிக்கும் வேகம் சிட்டு, தாங்கும் காலம் மூக்கன். அந்தப் பிரிவை ஏத்துக்கறேன். டார்ப்பருக்கு மட்டும் சிட்டுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பெண் போடணும்னுதான் எனக்குத் தோணுது.

சேற்றுக்கால் | செப்டம்பர் 12, 2024, காலை 8:52

தாராளமாகப் போடுங்கள். 5 சதவீத விதியைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் உடம்புக்கு அது உரியதுதான்.